நிறுவி முடித்தாயிற்று, கட்டளை மட்டும் ஓடவில்லை: டெசராக்ட் நிறுவுவதில் உதவி தேவை

#1 ஏடுதேடி

வணக்கம். பழைய நூல் ஒன்றின் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கிறேன். அதைத் தட்டச்சு செய்யாமல் எழுத்துகளாக மாற்ற டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரல் உதவும் என்று படித்தேன். என்னுடையது விண்டோஸ் 11 கணினி. நிறுவியைப் பதிவிறக்கி, கேட்ட இடத்தில் எல்லாம் 'அடுத்து' அழுத்தி முடித்தேன். பிழை எதுவும் வரவில்லை.

நிறுவிய கோப்புறைக்குள் போய் எக்ஸ்இ கோப்பை இருமுறை சொடுக்கினால் கறுப்புச் சாளரம் ஒன்று மின்னி மறைகிறது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டெசராக்ட்' என்று தட்டச்சு செய்தால், இப்படி ஒரு கட்டளை தனக்குத் தெரியாது என்கிற பொருளில் பதில் வருகிறது. நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவியும் அதே நிலை. பதிவிறக்கிய கோப்பு கெட்டுப்போயிருக்குமா? கட்டளை வரி நிரல் எதையும் இதற்கு முன் நான் பயன்படுத்தியதில்லை.

#2 முனையன்

ஏடுதேடி, கோப்பு கெடவில்லை. மீண்டும் நிறுவ வேண்டாம்.

சாளரம் மின்னி மறைவது இயல்பு. கட்டளை வரி நிரலுக்குச் சொந்தச் சாளரம் கிடையாது. என்ன வேலை என்று நீங்கள் எதுவும் சொல்லாததால், அது தன் உதவிக் குறிப்பை அச்சிட்டுவிட்டு வெளியேறியது. அதற்கென்று திறந்த சாளரத்தை விண்டோஸ் உடனே மூடிவிட்டது. நிரல் ஓடியது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்தது 'தெரியாது' என்ற பதில். நிறுவி செய்தது கோப்புகளை ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்ததுதான். நீங்கள் கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கணினி வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. 'பாத்' என்ற சூழல் மாறியில் (நிரல்கள் பார்த்துக்கொள்வதற்காக இயங்குதளம் பெயரிட்டு வைத்திருக்கும் அமைப்பு மதிப்பு) எழுதியிருக்கும் கோப்புறைகளை மட்டும், எழுதியிருக்கும் வரிசையில், ஒவ்வொன்றாகப் பார்க்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும். எங்கும் கிடைக்காவிட்டால் கைவிரித்துவிடும். சூழல் மாறிகள் 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலிருந்தே இருக்கின்றன. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இன்றும் இதே முறைதான். விண்டோஸின் கட்டளைச் சாளரம் மட்டும் பாத்துக்கு முன்னால் நீங்கள் நிற்கும் கோப்புறையையும் பார்த்துவிடும். முதல் இரண்டிலும் கோப்புறைகளுக்கு நடுவே முக்காற்புள்ளி இருக்கும், விண்டோஸில் அரைப்புள்ளி.

முதலில் ஒரு சோதனை. எக்ஸ்இ கோப்பின் முழு முகவரியை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதி, பின்னால் இடம்விட்டு '--வெர்ஷன்' என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.) மேற்கோள் குறி கட்டாயம் தேவை. 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயருக்கு நடுவே இடைவெளி இருப்பதால், குறி இல்லாவிட்டால் முகவரி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ஓட்டுவதானால் மேற்கோளுக்கு முன்னால் உம்மைக் குறி (&) ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் பவர்ஷெல் நீங்கள் எழுதியதை வெறும் எழுத்துச் சரம் என்று எடுத்துக்கொள்ளும்.

பதிப்பு எண் வந்தால் சொல்லுங்கள். மிச்சம் எளிது.

#3 குறுவரி

இதற்கு ஒரே வரி போதும். சூழல் மாறியை எழுதிவைக்கும் 'செட்எக்ஸ்' கட்டளையில் பழைய பாத்தையும் புதிய கோப்புறையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நொடியில் முடியும். சாளரங்களில் துழாவ வேண்டியதில்லை.

#4 முனையன்

ஏடுதேடி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குறுவரி நல்ல மனத்தோடுதான் சொல்கிறார், ஆனால் அந்த ஒரு வரி பல கணினிகளைப் பாழாக்கியிருக்கிறது.

'செட்எக்ஸ்' 1024 எழுத்துகளுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். பாத் பட்டியல் அந்த நீளத்தைத் தாண்டுவது மிகச் சாதாரணம். வெட்டியதையே சேமித்தும்விடும். அதன் பிறகு நேற்றுவரை ஓடிய நிரல்கள் ஒவ்வொன்றாக 'தெரியாது' என்று சொல்லத் தொடங்கும், காரணமும் புரியாது. இன்னொரு கேடும் உண்டு. விண்டோஸில் கணினி முழுவதற்கும் ஒரு பட்டியல், பயனருக்கு ஒரு பட்டியல் என இரண்டு பாத் இருக்கின்றன. கட்டளைச் சாளரத்தில் நீங்கள் பார்ப்பது இரண்டும் சேர்ந்த ஒன்று. அதை அப்படியே 'செட்எக்ஸ்' மூலம் பயனர் பட்டியலில் எழுதினால், கணினிப் பட்டியல் முழுவதும் அங்கே இரண்டாம் முறை படிந்துவிடும்.

சரியான வழி: தொடக்கப் பட்டியின் தேடலில் 'என்விரான்மென்ட்' என்று தட்டச்சு செய்யுங்கள். உங்கள் கணக்குக்கான சூழல் மாறிகளைத் திருத்தும் தேர்வு ஒன்று வரும். அதற்குள் பாத், திருத்து, புதியது. டெசராக்ட் இருக்கும் கோப்புறையின் முகவரியை ஒட்டுங்கள். எக்ஸ்இ கோப்பின் பெயர் வரக்கூடாது, கோப்புறை மட்டும். இங்கே மேற்கோள் குறியும் வேண்டாம்.

#5 ஏடுதேடி

முழு முகவரியோடு ஓட்டினேன், பதிப்பு எண் 5 என்று தொடங்கும் வரி வந்தது. மிக்க மகிழ்ச்சி! பாத்திலும் சேர்த்துவிட்டேன். ஆனால் சேர்த்த பிறகும் அதே கட்டளைச் சாளரத்தில் 'தெரியாது' என்றுதான் வருகிறது. புதிய சாளரத்தில் ஓடுகிறது. நிரல் எழுதப் பயன்படும் எடிட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், அதற்குள் இருக்கும் முனையத்தைப் புதிதாகத் திறந்தாலும் ஓடவில்லை. இது ஏன்?

#6 முனையன்

ஒரு நிரல் தொடங்கும் கணத்தில் தன்னைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்து சூழல் மாறிகளின் நகலை வாங்கிக்கொள்கிறது. பிறகு மூலத்தில் என்ன மாறினாலும் அந்த நகல் மாறாது. நீங்கள் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த சாளரத்திடம் இருப்பது பழைய நகல். எடிட்டருக்குள் இருக்கும் முனையம் எடிட்டரிடமிருந்து நகலை வாங்குகிறது, எடிட்டரோ பாத் மாறுவதற்கு முன்பே திறந்தது. முனையத்தை மட்டும் மூடித் திறந்து பயனில்லை. எடிட்டரை முழுவதும் மூடிவிட்டுத் திறங்கள்.

#7 தென்றல்

இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. விண்டோஸில் இப்போது விங்கெட் என்ற பொதி மேலாளர் இருக்கிறது. 2021இல் அதன் 1.0 பதிப்பு வந்துவிட்டது. அதற்கு முன்பே 2011 முதல் சாக்லட்டி, 2013 முதல் ஸ்கூப். பெயரைச் சொன்னால் தானே பதிவிறக்கி, சரிபார்த்து, நிறுவிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பொதி மேலாளரைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். வலைத்தளம் வலைத்தளமாகத் தேடி நிறுவியைப் பதிவிறக்கும் பழக்கம்தான் போலி நிறுவிகளில் ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறது. தேடுபொறியின் விளம்பர இடத்தில் வரும் முதல் இணைப்பை நம்பிச் சொடுக்குகிறவர்கள் எத்தனை பேர்!

#8 முனையன்

பொதி மேலாளரை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஏடுதேடியின் சிக்கலை விங்கெட் தீர்த்திருக்காது. பல பொதிகளுக்கு விங்கெட் செய்வது, அதே நிறுவியைப் பதிவிறக்கி, அதன் சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) சரிதானா என்று பார்த்து, கேள்வி கேட்காமல் ஓட்டுவது. நிறுவி பாத்தைத் தொடாது என்றால் விங்கெட் வழியாக வந்தாலும் தொடாது. நிறுவி இல்லாமல் வெறும் எக்ஸ்இ ஆக வரும் நிரல்களுக்கு மட்டும் விங்கெட் தன் கோப்புறையில் ஓர் இணைப்பு வைக்கும். ஸ்கூப் அப்படியில்லை. எல்லாவற்றையும் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் விரித்து வைத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சிறு இடைநிரலை ஒரே கோப்புறையில் போட்டுவிடும். பாத்தில் அந்த ஒரு கோப்புறை இருந்தால் போதும்.

எந்த வழியில் நிறுவினாலும் 'கோப்பு எங்கே போனது, நான் பெயரைச் சொன்னால் எந்தக் கோப்பு ஓடுகிறது' என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். கட்டளைச் சாளரத்தில் 'வேர்' கட்டளை, பவர்ஷெல்லில் 'கெட்-கமாண்ட்', லினக்ஸிலும் மேக்கிலும் 'டைப்' அல்லது 'கமாண்ட் -வி'. பவர்ஷெல்லில் 'வேர்' என்று மட்டும் எழுதினால் எதுவும் வராது, அங்கே அந்தப் பெயர் வேறொரு கட்டளைக்குச் சுருக்கம். 'வேர்.எக்ஸ்இ' என்று முழுப் பெயரோடு எழுத வேண்டும்.

#9 நீலத்திரை

முனையன் சொன்ன இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் நிரலை நிறுவிவிட்டு, இணையத்தில் கண்ட பழைய குறிப்பின்படி 'கன்வெர்ட்' என்று தட்டச்சு செய்தேன். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் வட்டைப் பற்றி ஏதோ பதில் வந்தது. விண்டோஸிலேயே 'கன்வெர்ட்' என்ற பெயரில் ஒரு நிரல் இருக்கிறது, வட்டின் கோப்பு முறையை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுவதற்கு! கணினிப் பட்டியல் முன்னால் வருவதும் பயனர் பட்டியல் பின்னால் சேர்வதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. இமேஜ்மேஜிக்கின் 7ஆம் பதிப்பில் கட்டளையின் பெயர் 'மேஜிக்'. அதைப் பயன்படுத்தினால் இந்த மோதல் இல்லை.

#10 வேர்க்கணக்கு

லினக்ஸிலும் இதே கதை உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் 'ஆப்ட்' என்ற பொதி மேலாளர் வழியாக, கோப்புகளைக் காட்டும் 'பேட்' நிரலை நிறுவினால் கட்டளையின் பெயர் 'பேட்கேட்'. 'எஃப்டி' என்ற தேடுநிரலுக்குப் பொதியின் பெயர் 'எஃப்டி-ஃபைண்ட்', கட்டளையின் பெயர் 'எஃப்டிஃபைண்ட்'. அந்தச் சிறு பெயர்களை வேறு பொதிகள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. கோப்புகளுக்குள் சொல் தேடும் 'ரிப்கிரெப்' பொதிக்கு எல்லா இடத்திலும் கட்டளை 'ஆர்ஜி' என்ற இரண்டே எழுத்து. நிறுவியது சரியாக இருந்தும் 'கட்டளை இல்லை' என்று வந்தால், பொதியில் என்னென்ன கோப்புகள் வந்தன என்று கேளுங்கள். 'டிபிகேஜி -எல்', பின்னால் பொதியின் பெயர். எல் பெரிய எழுத்து. அந்தப் பட்டியலில் 'பின்' என்ற பெயருள்ள கோப்புறையில் விழுந்த பெயர்தான் உங்கள் கட்டளை.

கட்டளை முடியும்போது ஷெல்லுக்கு (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கிடைக்கும் வெளியேற்ற எண்ணையும் பாருங்கள். 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் இயக்கும் அனுமதி இல்லாமல் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

#11 ஏடுதேடி

அனைவருக்கும் நன்றி. அடுத்த படியில் நிற்கிறேன். ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன், எழுத்தாகக் கிடைத்தது. தமிழ்ப் பக்கத்துக்கு மொழியைச் சொல்லும் '-எல் டாம்' விருப்பத்தைக் கொடுத்தால் மொழிக்கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. இணையத்தில் கிட்ஹப் பக்கத்திலிருந்து தமிழுக்கான கோப்பைச் சேமித்து, மொழிக்கோப்புகள் இருக்கும் டெஸ்டேட்டா கோப்புறைக்குள் போட்டேன். இப்போது வேறு மாதிரி பிழை: கோப்பை ஏற்ற முடியவில்லை.

#12 தென்றல்

அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். மெகாபைட் கணக்கில் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் கோப்புகளின் பட்டியலில் பெயரின்மேல் வலச் சொடுக்கிச் சேமித்தால், கோப்புக்குப் பதில் அதைக் காட்டும் வலைப்பக்கம் சேமிக்கப்படும். பெயர் சரியாகவே இருக்கும், உள்ளே எச்டிஎம்எல். நோட்பேடில் திறந்தால் தெரிந்துவிடும். பெயரைச் சொடுக்கி உள்ளே போய், பதிவிறக்கப் பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் கோப்பு வகையை மறைத்துக் காட்டும் என்பதால், பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் 'டிஎக்ஸ்டி' ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

#13 முனையன்

தென்றல் சொன்னதுதான் காரணமாக இருக்கும். இனி மொழித்தரவு பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், தமிழுக்கு இது முக்கியம்.

டெசராக்ட் 1985 முதல் 1994 வரை எச்பி ஆய்வகத்தில் உருவானது. 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலைப்பின்னலால் வரி வரியாகப் படிக்கிறது. நிரல் வேறு, மொழித்தரவு வேறு. தமிழின் தரவு 'டாம்' என்ற பெயரில் மூன்று தொகுதிகளில் கிடைக்கும்: பழையது புதியது இரண்டையும் தாங்கும் பொதுவானது, விரைவுக்கானது, துல்லியத்துக்கானது. நூல் வேலைக்குத் துல்லியத்துக்கான 'பெஸ்ட்' தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும்.

டெபியன், உபுண்டுவில் 'டெசராக்ட்-ஓசிஆர்' நிறுவினால் தமிழ் வராது. 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' தனிப் பொதி. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற பொதி மேலாளர் வழியாக வரும் டெசராக்டிலும் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும், மற்ற மொழிகளெல்லாம் 'டெசராக்ட்-லேங்' பொதியில். எந்தெந்த மொழி ஏறியிருக்கிறது என்று '--லிஸ்ட்-லேங்ஸ்' சொல்லும். நூலில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் '-எல் டாம்+எங்' என்று கொடுங்கள்.

வெளியீட்டுப் பெயரோடு 'டிஎக்ஸ்டி' சேர்க்காதீர்கள், அதை நிரலே சேர்க்கும். நீங்களும் சேர்த்தால் இரண்டு முறை வரும். கிடைத்த கோப்பை எடிட்டரில் திறந்து படியுங்கள். கட்டளைச் சாளரத்தில் அச்சிட்டால் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியும். அதைப் பார்த்து எழுத்துணரி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சாளரத்துக்குத் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோப்புக்குள் யுடிஎஃப்-8இல் எழுத்துகள் முழுமையாகவே இருக்கும்.

இன்னொன்று. டெசராக்ட் பிடிஎஃப் கோப்பை நேராகப் படிக்காது. பக்கங்களைப் படங்களாக மாற்ற வேண்டும். பாப்ளர் தொகுப்பில் இருக்கும் 'பிடிஎஃப்டுபிபிஎம்' அதற்குத்தான். அது தானாக எடுத்துக்கொள்ளும் நுணுக்கம் அங்குலத்துக்கு 150 புள்ளி. எழுத்துணரிக்கு அது போதாது, '-ஆர் 300' என்று கொடுங்கள். ஒற்றெழுத்தின் புள்ளி இருப்பதும் இல்லாமல் போவதும் இதில்தான் தீர்மானமாகிறது.

#14 சிறகன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே வேலையில் லினக்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே எழுத்துப் படலத்தைச் சேர்க்கும் 'ஓசிஆர்மைபிடிஎஃப்' நிரலை, பைத்தான் பொதிகளை நிறுவும் 'பிப்' மூலம் நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுக்கிறது. டெபியன் 12. ஓரிடத்தில் நிர்வாகி உரிமையோடு ஓட்டும் 'சூடோ' சேர்த்து ஓட்டச் சொல்கிறார்கள், இன்னோரிடத்தில் தடையை மீறும் விருப்பம் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

#15 வேர்க்கணக்கு

இரண்டையும் செய்யாதீர்கள், சிறகன். உங்கள் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. 'சூடோ பிப்' வைக்கும் நூலகங்கள் 'யூஎஸ்ஆர் லோக்கல்' பக்கம் போய் உட்காரும். பைத்தான் அவற்றை 'ஆப்ட்' வைத்தவற்றுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். ஒரு நூலகத்தின் பதிப்பு மாறினால் போதும், சம்பந்தமே இல்லாத ஒரு கருவி படுத்துவிடும். எந்த மாற்றத்தால் படுத்தது என்று 'ஆப்ட்'டுக்கும் தெரியாது. இந்த விபத்தைத் தடுப்பதற்காகவே பெப் 668 என்ற பைத்தான் ஏற்பாடு வந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தடையை மீறுவது அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிவது.

ஓசிஆர்மைபிடிஎஃப் 'ஆப்ட்'டிலேயே இருக்கிறது. அதையே போடுங்கள். பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், டெசராக்ட் எல்லாம் துணைக்கு வந்துவிடும். புதிய பதிப்புதான் வேண்டும் என்றால் 'பிப்எக்ஸ்'. ஒவ்வொரு நிரலுக்கும் தனி மெய்நிகர்ச் சூழல் அமைத்து, கட்டளையை மட்டும் உங்கள் வீட்டுக் கோப்புறையின் '.லோக்கல்' உள்ளே இருக்கும் 'பின்' கோப்புறையில் இணைத்து வைக்கும். ஆனால் அப்போது கோஸ்ட்ஸ்கிரிப்டையும் டெசராக்டையும் நீங்கள்தான் 'ஆப்ட்' வழியாகப் போட வேண்டும். அவை பைத்தான் பொதிகள் அல்ல.

#16 சிறகன்

'பிப்எக்ஸ்' வழியாகப் போட்டேன். நிறுவியதாகச் சொல்கிறது, கட்டளை கிடைக்கவில்லை. ஏடுதேடியின் சிக்கலேதான் இங்கும்!

#17 வேர்க்கணக்கு

வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். டெபியன், உபுண்டுவின் '.ப்ரொஃபைல்' கோப்பில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்தப் 'பின்' கோப்புறை இருந்தால் மட்டும் பாத்தில் சேர். நீங்கள் காலையில் உள்நுழைந்தபோது அந்தக் கோப்புறையே இல்லை, 'பிப்எக்ஸ்' இப்போதுதான் அதை உருவாக்கியது. அடுத்த உள்நுழைவில் தானே சேர்ந்துவிடும். அப்போதும் வராவிட்டால் 'பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்' ஓட்டுங்கள்.

#18 மாறன்

பொதி மேலாளரை எல்லோரும் இப்படித் தூக்கிப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெபியனின் நிலையான வெளியீட்டில் இருக்கும் பதிப்புகள் பழையவை. மூல நிரலை எடுத்து நானே தொகுத்தால் (கம்பைல் செய்தால்) என் கணினிக்கு ஏற்றபடி, இன்று வந்த திருத்தத்தோடு கிடைக்கிறது. பாதுகாப்பு என்கிறீர்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பது வெளிப்பட்டதே, அது பொதிகளின் வழியாகத்தானே பல லினக்ஸ் வெளியீடுகளின் சோதனைக் கிளைகளுக்குள் வந்தது? நம்பிக்கையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று புதியவர்களுக்குச் சொல்வது சரியல்ல.

#19 முனையன்

மாறன், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்இசட் விவகாரம் என்னையும் உலுக்கியது. ஆனால் அது காட்டுவது நீங்கள் சொல்வதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

பின்வாசலைத் திணித்தவர் வெளியாள் அல்லர். நீண்ட காலம் பங்களித்து, நம்பிக்கையைப் பெற்று, திட்டத்தின் பராமரிப்பாளர்களில் ஒருவராகவே ஆகியிருந்தார். திட்டம் வெளியிட்ட மூலப் பொட்டலத்துக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது. அதாவது, அன்று மூலத்தைப் பதிவிறக்கித் தானே தொகுத்தவரும் அதே கோப்பைத்தான் தொட்டிருப்பார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்தது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்வது அவருக்கு உறுத்தியதால். டெபியனின் நிலையான வெளியீட்டில் இருந்தவர்களை அது தொடவே இல்லை. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தப் பழைய பதிப்புதான் அவர்களைக் காத்தது. பதிப்பு எண் பழையதாக இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன் அதற்குள் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தொகுத்து நிறுவுவதில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. தொகுத்ததை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று பொதுவாக எங்கும் பதிவு இருக்காது. நீக்குவதற்கான கட்டளையைத் திட்டத்தின் ஆசிரியர் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். உங்களைப் போலத் தெரிந்தவர்கள் 'யூஎஸ்ஆர் லோக்கல்' வேண்டாம் என்று வீட்டுக் கோப்புறைக்குள் தனியிடம் ஒதுக்கிவிடுவீர்கள். முதல்முறை கறுப்புச் சாளரத்தைத் திறப்பவருக்கு அதை முதல் வழியாகக் காட்டலாமா?

#20 மாறன்

அந்த ஒதுக்கிடத்தைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். ஒரு நிரலுக்கு ஒரு கோப்புறை, நீக்க வேண்டுமானால் கோப்புறையை அழித்தால் முடிந்தது. புதியவர்களுக்கு முதல் வழி அல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வலைத்தளத்தில் இருக்கும் பதிவிறக்கும் 'கர்ல்' வரியை ஒட்டி, வருவதை நேராக ஷெல்லுக்குள் பாய்ச்சுவதையும் முதல் வழியாகக் காட்டக் கூடாது. அதை இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை.

#21 வேர்க்கணக்கு

சரியாகச் சொன்னீர்கள். முதலில் கோப்பாகச் சேமித்து, திறந்து படித்து, பிறகு ஓட்ட வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவரும் மூன்றைப் பார்க்கலாம்: 'சூடோ' எங்கே வருகிறது, எந்த முகவரியிலிருந்து எதைப் பதிவிறக்குகிறது, வீட்டுக் கோப்புறையில் எந்தக் கோப்பைத் திருத்துகிறது. நேராகப் பாய்ச்சுவதில் இன்னோர் ஆபத்து, பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் ஷெல் அதுவரை வந்ததை ஓட்டியிருக்கும். அழிக்கும் கட்டளை ஒன்றின் முகவரி நடுவே அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பொறுப்பாக எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரு செயற்கூறுக்குள் வைத்து, கடைசி வரியில்தான் அதை அழைப்பார்கள். எல்லோரும் அப்படி எழுதுவதில்லை.

கோப்புக்கு எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகை கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். 64 எழுத்துகள். லினக்ஸில் 'எஸ்எச்ஏ256சம்', மேக்கில் 'ஷாசம் -ஏ 256', பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்'. பதிவிறக்கம் பழுதில்லாமல் வந்தது என்பதற்கு அது உறுதி. கோப்பும் தொகையும் ஒரே தளத்தில் இருந்தால், தளத்தையே கைப்பற்றியவர் இரண்டையும் மாற்றிவிட முடியும். அதனால் மின்கையொப்பம் இருந்தால் அதையும் சரிபார்ப்பது நல்லது.

#22 கயல்

ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருக்கிறேன். மேலே சொன்னபடி ஹோம்ப்ரூ நிறுவினேன், 'ப்ரூ' கட்டளையே கிடைக்கவில்லை. பழைய குறிப்பு ஒன்றில் 'யூஎஸ்ஆர் லோக்கல்' கோப்புறைக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கேயும் இல்லை.

#23 முனையன்

கயல், அந்தக் குறிப்பு இன்டெல் மேக்குக்கு எழுதியது. உங்கள் கணினியில் ஹோம்ப்ரூ 'ஆப்ட்' என்ற கோப்புறைக்குள் 'ஹோம்ப்ரூ' என்ற இடத்தில் இருக்கும் (டெபியன் கட்டளை அல்ல, ஓ, பி, டி மூன்றெழுத்து). அது மேக்கின் இயல்பான பாத்தில் இல்லை. நிறுவி முடிந்ததும் 'அடுத்து செய்ய வேண்டியவை' என்று சில வரிகள் வந்திருக்கும். அவற்றில் 'ஷெல்என்வ்' என்று வருவதை அப்படியே ஓட்டுங்கள். உங்கள் '.இசட்ப்ரொஃபைல்' கோப்பில் ஒரு வரி சேரும். 2019இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பான ஷெல் இசட்ஷெல். '.பாஷ்ப்ரொஃபைல்' கோப்பில் எழுதச் சொல்லும் குறிப்புகளை விட்டுவிடுங்கள், இசட்ஷெல் அதைப் படிக்காது.

#24 ஏடுதேடி

மொழிக்கோப்பை மறுபடி பதிவிறக்கினேன். தென்றல் சொன்னதுபோல முன்பு வந்தது வலைப்பக்கம்தான். 300 புள்ளியில் படமாக்கி, துல்லியத் தொகுதியோடு ஓட்டிவிட்டேன். ஒரு முழுப் பக்கம் தமிழாக என் எடிட்டரில் இருக்கிறது. ணகரமும் ளகரமும் சில இடங்களில் பிசகுகின்றன, பழைய எழுத்துவடிவில் இருக்கும் லைகாரமும் ணைகாரமும் சிக்கல்தான். ஆனால் தட்டச்சு செய்வதோடு ஒப்பிட்டால் திருத்துவது எவ்வளவோ மேல். இனி எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் ஓட்ட வழி உண்டா?

#25 முனையன்

உண்டு. படங்களின் பெயர்களை ஒரு வரிக்கு ஒன்றாக ஓர் உரைக் கோப்பில் எழுதி, படத்தின் பெயருக்குப் பதில் அந்த உரைக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். டெசராக்ட் வரிசையாக எல்லாவற்றையும் படித்து ஒரே வெளியீடாகத் தரும். பிடிஎஃப்டுபிபிஎம் பக்க எண்களை முன்பூச்சியத்தோடு எழுதுவதால் வரிசை குலையாது. பழைய லைகாரம், ணைகாரம், னைகாரங்களை மட்டும் முதல் பத்துப் பக்கங்களில் பார்த்து, அவை எப்படித் தவறாக வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி தவறும். தேடி மாற்றுவதில் பாதி வேலை முடிந்துவிடும். ணகரத்தையும் ளகரத்தையும் மட்டும் மொத்தமாக மாற்ற வேண்டாம், அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

#26 பொன்னி

தாமதமாக வருகிறேன். அலுவலகக் கணினியில் நிர்வாகி உரிமை எனக்கு இல்லை. அதிலும் இதைச் செய்ய முடியுமா?

#27 தென்றல்

தொழில்நுட்ப அளவில் முடியும். ஸ்கூப் நிர்வாகி உரிமை கேட்காது, பயனர் பாத்தைத் திருத்தவும் அந்த உரிமை தேவையில்லை. தமிழ் மொழிக்கோப்பை உங்கள் சொந்தக் கோப்புறையில் வைத்து '--டெஸ்டேட்டா-டிர்' விருப்பத்தில் அந்த இடத்தைக் கொடுக்கலாம். ஆங்கிலமும் வேண்டுமானால் அதன் கோப்பையும் அதே இடத்துக்கு நகலெடுங்கள். ஆனால் பொன்னி, அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெளியிலிருந்து நிரல் கொண்டுவர அங்கே தடை இருந்தால் உங்களுக்குத்தான் சிக்கல். என்ன நிரல், எங்கிருந்து வருகிறது, எந்தக் கோப்புறையில் இருக்கும், எப்படி நீக்குவது என்ற நான்கையும் எழுதிக் கேட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் குறைவு.